இழை: கடல் வடிஞ்ச பிறகும் உப்பு எத்தனை வருஷம் நிக்கும்? சாகர் தீவுக்காரர் ஒருத்தர் கேட்கிறார்

#1 லாட்ஜ்சாவி (வேலூர்)

எல்லாருக்கும் வணக்கம். காந்தி ரோட்டுக்குப் பின்னால சின்னதா ஒரு லாட்ஜ் வச்சிருக்கேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வர்றவங்கதான் நம்ம வாடிக்கை. கொல்கத்தா, வங்கதேசம், அந்தமான்னு வருவாங்க. பதினெட்டு வருஷத்துல பெங்காலி தானா வந்துடுச்சு. என் வீட்டுக்காரம்மா மீன் வறுக்க கடுகு எண்ணெய் வாங்கற அளவுக்கு ஆகிப்போச்சு.

போன வாரம் மனைவிக்கு வைத்தியம் பார்க்க ஒரு பெரியவர் வந்தார். ஊர் சாகர் தீவு. ஹூக்ளி ஆறு கடல்ல சேர்ற வாயில இருக்கு, கங்காசாகர் மேளா நடக்குமே, அதே ஊர். வெத்தலைக் கொடிக்கால்தான் பிழைப்பு. வந்த அன்னிக்குக் குழாய்த் தண்ணியில வாய் கொப்புளிச்சவர் நேரா கீழே இறங்கி வந்து கேட்டார்: "இங்கயும் கடல் ஏறிச்சா?"

சிரிச்சுட்டேன். நமக்குக் கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல. போர் தண்ணி உப்பு, குடிக்கக் கேன்தான்னு சொன்னேன். மனுஷன் நம்பல. அவங்க ஊர்ல யாஸ் புயலப்போ, 2021 மே மாசம், கரையைத் தாண்டிக் கடல் உள்ளே வந்துச்சாம். ரெண்டு மூணு நாள்ல வடிஞ்சும் போச்சாம். ஆனா குளத்துத் தண்ணி வாயில வைக்க முடியல, கொடிக்கால் பூராவும் கருகிடுச்சு. "கடல் போயிடுச்சு, உப்பு போகல" என்பதுதான் அவர் பேச்சு. அதுக்கு மருந்து ஏதாவது உண்டா, பெரிய ஊராச்சே, யாரையாவது கேளுன்னார்.

எனக்கு ரெண்டு சந்தேகம். ஒண்ணு, கடல் நிஜமாவே உயருதா, இல்ல புயல்தான் காரணமா? ரெண்டாவது, உப்புக்கு என்ன வழி?

#2 சைதாப்பேட்டை_சந்து (வேலூர்)

இன்னாபா இது, வேலூர் ஆளுங்க இழையில கடல்? பாலாத்துல தண்ணி கீதான்னு பாரு மொதல்ல.

#3 கணக்குப்பிள்ளை (ராணிப்பேட்டை)

லாட்ஜ் அண்ணே, முதல் கேள்விக்கு நான் சொல்றேன். கோவிச்சுக்காதீங்க. 1901லேருந்து 2018 வரைக்கும் உலகக் கடல் மட்டம் சராசரியா 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கு. 2006க்கு அப்புறம் வருஷத்துக்கு 3.7 மில்லிமீட்டர். ஒரு மாசத்துல நம்ம நகம் வளர்ற அளவுதான். இதுலயா தீவு மூழ்கும்?

இன்னொண்ணு. பசிபிக் கடல்ல துவாலுன்னு ஒரு தீவு நாடு, மூழ்குது மூழ்குதுன்னு ஊரெல்லாம் அழுதாங்க. ஆக்லாந்து பல்கலைக்கழகத்து ஆளுங்க 1971லேருந்து 2014 வரை எடுத்த வான்படங்களை வச்சு 101 திட்டுகளை அளந்தாங்க. மொத்த நிலம் 2.9 சதவீதம் கூடியிருக்கு. குறையல, கூடியிருக்கு. அப்புறம் எதுக்கு இந்தப் பதட்டம்?

#4 காட்பாடி_ஜங்ஷன்

சார் சொன்ன எண்கள் சரி. ஆனா தீவுல கடல் உள்ளே வர்றதுக்கும் அந்த 3.7க்கும் நடுவுல ஒரு பெரிய ஆள் இருக்கார், புயல். சிவில் படிக்கிறேன், கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

அகலமான தாம்பாளத்துல ஒரு விரல் கனம் தண்ணி ஊத்தி ஒரு பக்கத்துலேருந்து ஊதிப் பாருங்க. எதிர் ஓரத்துல தண்ணி ஏறும். அதே காத்தை அண்டாவுல ஊதினா ஒண்ணும் ஆகாது, மேல தள்ளின தண்ணி அடியில திரும்பி ஓடிடும். ஆழம் குறைஞ்சா திரும்ப வழியில்ல, குவியும். வங்கக் கடலோட தலைப்பகுதி தாம்பாளம் மாதிரி. ஆறுங்க கொண்டுவந்து கொட்டின வண்டல்ல பல கிலோமீட்டருக்கு ஆழமே இல்லை. கரையும் புனல் மாதிரி குறுகிட்டே போகுது. காத்து தள்ளுற தண்ணிக்குப் போக்கிடம் கரைதான். புயலோட நடுவுல காத்தழுத்தம் குறையுறதால கடல் தானாவே கொஞ்சம் உப்பும், ஒரு மில்லிபாருக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். ஆனா அது சில்லறை. முக்கால்வாசி வேலை காத்தோடது.

இதுக்கு மேல ஓதம், அதாவது கடல் தினம் ஏறி இறங்குறது. யாஸ் கரையைக் கடந்தது ஒடிசாவுல. சாகர் தீவுக்கு நேரா வரவே இல்லை. ஆனா 2021 மே 26 பௌர்ணமி. அமாவாசை, பௌர்ணமிக்கு வர்ற பெரிய ஓதமும் (உவா ஓதம்) புயல் தள்ளின தண்ணியும் சேர்ந்து வந்ததால கரைங்க உடைஞ்சுது. பக்கத்துல கோராமாரா தீவு முழுக்கத் தண்ணிக்குள்ள போச்சு. போலாப் புயல், 1970 நவம்பர், இன்னிக்கு வங்கதேசமா இருக்கிற அந்தக் கரையில மூணு லட்சம் பேருக்குக் குறையாம செத்தாங்க. காத்து அடிச்சு செத்தவங்க கொஞ்சம், தண்ணியில போனவங்கதான் மிச்சம்.

இப்ப அந்த 20 சென்டிமீட்டருக்கு வாங்க. மூணு மீட்டர் கரைக்கு முன்னாடி அது ஒண்ணுமில்ல மாதிரி தெரியும். ஆனா கரையைத் தாண்டற தண்ணி எப்பவும் கடைசி ஒரு சாண்லதான் தாண்டுது. அந்த ஒரு சாணை முன்கூட்டியே கடல் எடுத்துக்கிட்டா, தாத்தா காலத்துல நூறு வருஷத்துக்கு ஒருதரம் தாண்டின தண்ணி பேரன் காலத்துல அடிக்கடி தாண்டும். இந்த நூற்றாண்டு முடியறதுக்குள்ள, கடல் மட்டம் அளக்கிற நிலையங்கள்ல பாதிக்கு மேல, நூறு வருஷத்துக்கு ஒருதரம் வர்ற உச்ச மட்டம் வருஷா வருஷம் வரும்னு ஐ.நா. பருவநிலைக் குழுவோட அறிக்கை சொல்லுது.

#5 அரக்கோணம்_டீச்சர்

காட்பாடி தம்பி, தாம்பாளம் உதாரணத்தை நாளைக்கு வகுப்புல எடுத்துக்கிறேன்.

இருபத்திரண்டு வருஷமா புவியியல் நடத்தறேன், ஒரு ஆதங்கம். புயல் கடலைத் தள்ளிட்டு வர்ற இந்தச் சமாச்சாரத்துக்கு நம்ம கிட்ட நல்ல பேர் இல்லை. "கடல் கொந்தளிப்பாகக் காணப்படும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்"னு வானொலி நவம்பர் பூரா சொல்லுது. அலை பெருசா இருக்கிறதுக்கும் அதே வார்த்தை, ஊருக்குள்ள ஒரு மாடி உயரம் தண்ணி வர்றதுக்கும் அதே வார்த்தை. கேக்கறவங்களுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

பிலிப்பைன்ஸ்ல 2013 நவம்பர் 8, ஹையான் புயல். டக்லோபான்ல அஞ்சு மீட்டருக்கு மேல கடல் ஏறுச்சு. எச்சரிக்கை குடுக்காம இல்லை, "ஸ்டார்ம் சர்ஜ்"னு குடுத்தாங்க. அது என்னன்னு ஜனங்களுக்கு விளங்கல. சுனாமின்னு சொல்லியிருந்தா ஓடியிருப்போம்னு பிழைச்சவங்க பின்னால சொன்னாங்க. ஆறாயிரம் பேருக்கு மேல போயிட்டாங்க.

கேரளக்கரையிலயும் கன்னியாகுமரியிலயும் "கள்ளக்கடல்"னு ஒரு சொல் உண்டு. புயலே இல்லாத நாள்ல, தெற்கே எங்கேயோ பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிக் கிளம்பின அலை திருட்டுத்தனமா வந்து ஏறும். அந்தச் சொல்லை இப்ப ஹைதராபாத் கடல் தகவல் மையமே எச்சரிக்கையில போடுது. புயல் கொண்டுவர்ற கடலுக்கு மட்டும் நாம புத்தகத்துல "புயல் எழுச்சி"ன்னு வச்சிருக்கோம். பிள்ளைங்க அதை எழுச்சிமிகு பேரணி மாதிரி நினைக்குதுங்க.

#6 சைதாப்பேட்டை_சந்து

"கடல் ஊருக்குள்ள பூந்துடும், ஓடு"ன்னா எல்லாருக்கும் புரியும் டீச்சர்.

#7 அரக்கோணம்_டீச்சர்

அதைத்தான் சொல்ல வந்தேன். உங்களுக்கு நூத்துக்கு நூறு.

#8 கணக்குப்பிள்ளை

சாகர் தீவு வண்டல் மேடு. சுந்தரவனம் பூராவும் மண் தானா அமுங்குது, மேல அணை, தடுப்புன்னு கட்டி ஆறு கொண்டுவர்ற வண்டலும் குறைஞ்சு போச்சு. கோராமாரா பாதிக்குப் பாதி கரைஞ்சது, பக்கத்து லோஹாசாரா தீவு காணாமலே போனது, எல்லாத்தையும் பருவநிலை மேல போடறது நியாயமில்லை. சாகர்ல இருக்கிற கபில முனி கோயிலை அந்தக் காலத்துலேருந்தே கடல் கொண்டுபோக, திரும்பத் திரும்பத் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்காங்க. அப்ப யாரு கார் ஓட்டினா?

#9 ஓய்வு_ஹவில்தார் (கம்மவான்பேட்டை)

கணக்குப்பிள்ளை சொல்றதுல ஒரு பாதி நான் கண்ணால பார்த்தது. 2004 டிசம்பர்ல போர்ட் பிளேர்ல இருந்தேன். அது சுனாமி, புயல் இல்லைன்னு திருத்த வேணாம், தெரியும். நான் சொல்ல வந்தது நிலத்தைப் பத்தி. அந்த நில நடுக்கத்துல கிரேட் நிக்கோபார் தென்கோடி, இந்திரா முனை, நாலு மீட்டருக்கு மேல அப்படியே கீழ இறங்கிடுச்சு. கலங்கரை விளக்கத்தோட அடிப்பாகம் இன்னிக்கும் கடலுக்குள்ள நிக்குது. அதே நாள்ல வட அந்தமான் பக்கம் நிலம் மேல தூக்கி, பவளப்பாறைங்க வெயில்ல வெளிய தெரிஞ்சு வெளுத்துச் செத்துது. ஒரே நாள், ஒரே தீவுக்கூட்டம், ஒரு முனை கீழ, ஒரு முனை மேல.

அதனால ஒரு தீவுல நிக்கிறவனுக்கு நிலம் இறங்குச்சா கடல் ஏறுச்சான்னு வழக்கு பேசி ஆகப்போறது ஒண்ணுமில்ல. கால் நனையுதா, அவ்வளவுதான். கீழ இறங்கிட்ட தீவுக்கு வருஷம் 3.7 மில்லிமீட்டரும் சேர்ந்தா சுமை யாருக்கு? கணக்குப்பிள்ளைக்கு இல்ல.

#10 கணக்குப்பிள்ளை

சரி ஹவில்தார், ஏத்துக்கிறேன். துவாலு கணக்குக்கு யாரும் பதில் சொல்லலையே?

#11 காட்பாடி_ஜங்ஷன்

சொல்றேன் சார். அந்த ஆய்வு சரியானதுதான். துவாலு, மாலத்தீவு, நம்ம லட்சத்தீவு எல்லாம் பவளத்திட்டு. சாகர் மாதிரி வண்டல் கிடையாது. திட்டை ஒட்டியே கடல் சட்டுனு ஆழமாயிடும், தாம்பாளம் இல்ல, அண்டா. அதனால புயல் தண்ணி அங்க பெருசா குவியாது. ஆனா அலை நேரா வந்து பாறை மேல மோதி உள்ளே கொட்டும். கொட்டும்போது உடைஞ்ச பவளத்தையும் மணலையும் சேர்த்துக் கொட்டும். அப்படித்தான் திட்டு வளருது. அலையால அழியற தீவு அலையாலதான் பிறந்துச்சு.

ஆனா அந்த மணல் வரணும்னா பவளம் உயிரோட இருக்கணும். 1998, 2016, அப்புறம் 2024ல கடல் சூடாகி பவளம் வெளுத்துச்சு. நல்ல பவளப்பாறை அலையோட சக்தியில 97 சதவீதம் வரைக்கும் வாங்கிக்கும். அது செத்துச் சரிஞ்சா திட்டுக்கு மணலும் இல்ல, தடுப்பும் இல்ல. இன்னொரு பக்கம் மாலத்தீவுத் தலைநகரம் மாலே. 1987ல தெற்கிலேருந்து வந்த பேரலை ஊருக்குள்ள பூந்த பிறகு ஜப்பான் உதவியோட சுத்தியும் நாலு கால் கான்கிரீட் கட்டைகளைப் போட்டு மதில் கட்டினாங்க. மதில் கட்டின ஊருக்கு மணல் எப்படி வரும்? அது இனி வளரவும் முடியாது, மதிலை உயர்த்திட்டே போக வேண்டியதுதான். ஹுல்ஹுமாலேன்னு பக்கத்துல கடலைத் தூர்த்து ஏறக்குறைய ரெண்டு மீட்டர் உயரத்துல புது ஊரே போட்டாங்க.

பரப்பு கூடுச்சுன்னு நீங்க சொல்றது உண்மை. பரப்புல ஜனங்க குடியிருக்காங்க, ஆனா பரப்பைக் குடிக்க முடியாது.

#12 ஜோலார்பேட்டை_டீசல்

குடிக்கிற பேச்சு வந்ததால ஒரு சேதி. 2014 டிசம்பர்ல மாலேவுல கடல்நீரைக் குடிநீராக்குற ஆலை தீப்பிடிச்சுது. சுத்திக் கடல், ஊருக்குக் குடிக்கச் சொட்டுத் தண்ணி இல்ல. இந்திய விமானப்படை டெல்லியிலேருந்து தண்ணி பாட்டில்களை ஏத்தி, அரக்கோணம் வந்து, அங்கருந்து மாலேவுக்குக் கொண்டுபோச்சு. நம்ம அரக்கோணம்! 2019 ஜூலையில எங்க ஜோலார்பேட்டையிலேருந்து சென்னைக்கு ரயில்ல தண்ணி போச்சே, ஒரு வண்டிக்கு 50 டேங்க், 25 லட்சம் லிட்டர். அது காவேரித் தண்ணின்னாலும் வண்டி கிளம்பினது இங்கருந்து. பாலாறு வறண்ட சீமை ஊருக்கெல்லாம் தண்ணிப் பந்தல் வைக்குது. இதுல பெருமைப்படறதா வயிறெரியறதான்னு இன்னிக்கு வரைக்கும் புரியல.

#13 உப்புக்கிணறு (வாணியம்பாடி)

மூணு நாளா படிச்சுட்டே இருக்கேன். லாட்ஜ் தம்பி கேட்ட ரெண்டாவது கேள்வியை எல்லாரும் மறந்துட்டீங்க. அது என் கேள்வி, அதனால எழுதறேன். வயசு எழுபத்தொண்ணு. விவசாயம்.

எங்க கிணத்துல என் அப்பா காலத்துல தண்ணி இளநி மாதிரி. நெல்லு, கரும்பு, வெத்தலையும் வச்சிருந்தோம். தோல் பதனிடுற கழிவு ஆத்துல விழ விழ, கிணறு கொஞ்சம் கொஞ்சமா மாறுச்சு. ஒரே நாள்ல இல்ல. முதல்ல பருப்பு வேகலைன்னு வீட்ல சொன்னாங்க. அப்புறம் சோப்பு நுரைக்கல. அப்புறம் வெத்தலை போச்சு, அதுக்கு உப்பு ஆகவே ஆகாது. அடுத்தது நெல்லு. கடைசியில தென்னை மட்டும் நின்னுச்சு. 1996ல உச்ச நீதிமன்றத் தீர்ப்பெல்லாம் வந்துச்சு, எல்லாருக்கும் தெரியும், அதைப் பேச வரல. நிலம் அங்கேயேதான் இருக்கு, பட்டா என் பேர்லதான் இருக்கு, ஒரு சென்ட்டும் குறையல. கணக்குப்பிள்ளை சார் வான்படம் எடுத்தா என் தோட்டம் பத்திரமா தெரியும். ஆனா என் ரெண்டு பசங்களும் ஓசூர்ல இருக்காங்க.

அந்தச் சாகர் பெரியவர் குழாய்த் தண்ணியை வாயில வச்சதும் "கடல் ஏறிச்சா"ன்னு கேட்டாரே, அதைப் படிச்சதும் கொஞ்ச நேரம் போனைக் கீழ வச்சுட்டேன்.

பவளத் தீவுல நல்ல தண்ணி எப்படி இருக்குன்னு வேளாண் அதிகாரி ஒருத்தர் முன்ன விளக்கினார். மழைத்தண்ணி மணல்ல இறங்கி, உப்புத் தண்ணி மேல எண்ணெய் மாதிரி மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா, கீழ சுமார் நாப்பது அடி நல்ல தண்ணி இருக்கும். அதுல மோட்டார் போட்டு ஒரு அடி இழுத்தா அடியிலேருந்து நாப்பது அடி உப்பு மேல வரும். அதனால வாளி போட்டு மேலோட்டமாச் சேந்தற ஊர் பிழைக்கும், போர் போடற ஊர் கெடும். கடல் ஒருதரம் மேல ஏறிப் போனா மேலேயிருந்தும் உப்பு இறங்கும். கடல் தண்ணியில லிட்டருக்கு 35 கிராம் உப்பு. நம்ம அரசாங்கம் வேற வழியே இல்லைன்னா குடிக்கலாம்னு சொல்ற உச்சவரம்பு ரெண்டு கிராம். அப்ப ஒரு குடம் கடல் பதினாறு குடம் நல்ல தண்ணியைக் கெடுக்கும். தீவு மூழ்க வேண்டியதே இல்லை தம்பி. அதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே கிணறு காலி பண்ணச் சொல்லிடும்.

இப்ப பெரியவருக்கு:

குளத்துல கடல் நின்னுச்சுன்னா மழைக்குக் காத்திருக்கக் கூடாது, அதுக்கு முன்னயே இறைச்சிடணும். உப்புத் தண்ணி கனம், அடியில உக்காரும். அதனால பம்பு குழாயை அடியில விடணும், மேல மிதக்க விடக்கூடாது. தண்ணி போனதும் மேல் வண்டலை ஒரு சாண் வழிச்சு எடுத்து கரைக்கு வெளியே, ஆத்துப் பக்கம் போடணும். கொடிக்கால் ஓரத்துல போட்டா திரும்ப மழையில இறங்கும். அப்புறம் முதல் மழையில நிரம்பறதையும் ஒருதரம் இறைச்சுக் கழிக்கணும். மனசு வராது, ஆனா கழிக்கணும்.

நிலத்துக்கு வரப்பு கட்டி மழையை ரெண்டு மூணு நாள் நிறுத்தி, வடிகால் வெட்டி வெளியே விடணும். திரும்ப நிறுத்தணும், விடணும். வடிகால் இல்லாம தண்ணி மட்டும் நிறுத்தினா உப்பு உள்ளேயே சுத்திட்டு வெயில்ல மேல பூக்கும். மண்ணோட கார நிலை (pH) எட்டரைக்கு மேல இருந்து, மழை பெஞ்சா பிசுபிசுன்னு மேல ஓடு கட்டினா ஜிப்சம் போடணும். சும்மா உப்பு மட்டும்னா ஜிப்சம் தேவையில்லை, காசு வீண். மண்ணைப் பரிசோதிச்சுட்டுப் போடச் சொல்லுங்க. ஒரு பட்டம் தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழணும், அது உப்பைத் தாங்கும். வெத்தலையைக் கடைசியில வைக்கணும். அவசரப்பட்டா கொடியும் போகும், கடனும் நிக்கும்.

அவருக்கு ஒரு நல்லது இருக்கு, எங்களுக்கு இல்லாதது. கடல் ஒருதரம் வந்துட்டுப் போச்சு. வங்காளத்து மழை கனத்த மழை, கழுவும். எங்க கிணத்துக்கு உப்பு வருஷா வருஷம் வந்துட்டே இருந்துச்சு.

#14 கணக்குப்பிள்ளை

ஐயா, என் தங்கச்சியைக் குடுத்ததும் அந்தப் பக்கம்தான். மேல எழுதினதை அழிக்க மாட்டேன், எண்கள் சரி. ஆனா பரப்பை மட்டும் அளந்தது தப்புன்னு ஒத்துக்கிறேன்.

#15 சைதாப்பேட்டை_சந்து

பெர்சு, நம்ம பாலாறு கடல்ல சேர்ற வயலூர் பக்கம் தடுப்பணை கட்டினாங்களே, அதுவும் இதுக்குத்தானா?

#16 காட்பாடி_ஜங்ஷன்

ஆமாண்ணே. ஆத்துல நல்ல தண்ணி அழுத்தம் குறைஞ்சா கடல் மணலுக்குள்ள ஏறும். தண்ணியைத் தேக்கினா தள்ளி நிக்கும். வாணியம்பாடி ஐயா சொன்ன அதே ஒண்ணுக்கு நாப்பது கணக்கு அங்கயும் உண்டு.

தனுஷ்கோடியை யாரும் சொல்லலையே. 1964 டிசம்பர் 22 ராத்திரி, பாம்பன்லேருந்து போன பாசஞ்சர் வண்டியையே கடல் எடுத்துட்டுப் போச்சு. அதுவும் நம்ம தமிழ்நாட்டுத் தீவுதான். அதுக்கப்புறம் குடியிருக்க லாயக்கில்லைன்னு அரசாங்கம் அறிவிச்சதோட சரி. இப்ப வேன் பிடிச்சு இடிஞ்ச சர்ச் முன்னாடி செல்ஃபி எடுக்கிறோம்.

#17 ஜோலார்பேட்டை_டீசல்

அந்த வண்டி எண் 653. பழைய டிரைவர்ங்க அந்த எண்ணைச் சாதாரணமாச் சொல்ல மாட்டாங்க.

#18 லாட்ஜ்சாவி

எல்லாருக்கும் நன்றி. உப்புக்கிணறு ஐயா எழுதினதை நேத்து ராத்திரி பெரியவருக்கு வரி வரியா பெங்காலியில சொன்னேன். பாதி வார்த்தைக்கு எனக்கு பெங்காலி தெரியல, கையை ஆட்டி ஒப்பேத்தினேன். தக்கைப்பூண்டுக்குப் படம் காட்டினதும் "தைஞ்சா, தைஞ்சா"ன்னார், அவங்க ஊர்லயும் இருக்காம். "முதல் மழையைக் கழிக்கணும்"னதுக்கு மட்டும் ரொம்ப நேரம் பேசாம இருந்தார். அவங்க யாரும் அதைச் செய்யல. குளம் நிரம்புனதே போதும்னு விட்டுட்டாங்களாம்.

ஐயா வெத்தலை வச்சிருந்தவர்னதும் என்ன ரகம்னு கேட்கச் சொன்னார். ஐயா, முடிஞ்சா எழுதுங்க.

அடுத்த வாரம் இன்னொரு பரிசோதனை இருக்கு, இருந்துட்டுப் போகலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. இவர் கேட்கல. காட்பாடியிலேருந்து ஹவுரா வண்டிக்கு எடுத்த டிக்கெட்டை முன்தேதிக்கு மாத்திட்டார். வர்ற அமாவாசைக்குள்ள ஊர்ல இருக்கணுமாம். அமாவாசை, பௌர்ணமி ஓதத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆள் கரையில காவல் நிக்கணும், ஓட்டை விழுந்தா மூட்டை அடைக்க. மகன் கேரளாவுல கொத்தனார் வேலை. அப்ப இவர்தானே நிக்கணும்.

கிளம்பும்போது ஒரு காலி பாட்டில்ல எங்க பாத்ரூம் குழாய்த் தண்ணியைப் பிடிச்சுக்கிட்டார். எதுக்குன்னு கேட்டேன். கடலே இல்லாத ஊர்லயும் தண்ணி உப்பாகும்னு சொன்னா எங்க ஊர்ல நம்ப மாட்டாங்க, குடிச்சுப் பார்க்கட்டும்னார். மேல சீட்டு ஒட்டி வேலூர்னு பெங்காலியில எழுதித் தரச் சொன்னார். எழுதிக் குடுத்தேன்.

#19 உப்புக்கிணறு

எங்க வீட்ல வச்சது பச்சைக்கொடி.